வேதாரண்யத்துக்குத் தெர்மாகோல், வெண்மணிக்கு வாய்ப்பூட்டு

1

போன சனவரியில் ஒருநாள் சாயங்காலம். நாகை மாவட்டத்தில் எங்கள் சேரியில் ஏழு வருசமாக இரவுப் பள்ளி நடத்துகிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருத்தன் தோள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். 'என்னாடா?' என்றேன். 'வேற செய்யச் சொல்லிட்டாங்க சார்' என்றான்.

அவன் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் கண்காட்சி. தலைப்பு, 'அண்மைக்கால வரலாறு'. படம், ஒலி, ஒளி எதை வேண்டுமானாலும் வைத்துப் புதுமையாகச் செய்யலாம் என்று சுற்றறிக்கை. இவன் வெண்மணியைப் பற்றி, நாங்கள் எல்லாம் சேர்ந்து செய்த பன்னிரண்டு நிமிசப் பதிவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒலி, நிழற்படம், கையால் வரைந்த வரைபடம் எல்லாம் அதில் உண்டு. ஆசிரியர் இரண்டு நிமிசம் பார்த்திருக்கிறார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

'இதெல்லாம் பிரச்சினையாயிடும்ப்பா. வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் செய்யேன், அதுவும் நம்ம பக்கந்தானே?'

பையன் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்தான். தெர்மாகோல் கடல். பஞ்சு அலை. கல்லுப்பு. தீக்குச்சியில் தொண்டர்கள். இரண்டாம் பரிசு. அந்தச் சான்றிதழை அவன் என்னிடம் காட்டவில்லை. அவன் அம்மாதான் கொண்டுவந்து காட்டினார்கள்.

வேதாரண்யத்தில் அடிபட்டவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்தவர்கள் வெள்ளைக்காரன் தடியடியைத் தாங்கினார்கள். கேள்வி அதுவல்ல. 'அண்மைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு 1968ஐத் தள்ளி 1930ஐக் கூப்பிடுகிறார்களே, இது என்னா கணக்கு?

கணக்கு இதுதான். 1930இல் அடித்தவன் கப்பலேறிப் போய்விட்டான். அவனை எவ்வளவு திட்டினாலும் ஊரில் யாருக்கும் கோபம் வராது. நம் வரலாற்றில் அடித்தவனின் வாரிசு எங்கேயும் போகவில்லை. ஊரிலேயே இருக்கிறான். நிலம் வைத்திருக்கிறான். பள்ளி ஆண்டு விழாவில் மாலை வாங்குகிறான். ஆக, ஒரு வரலாறு அண்மையானதா இல்லையா என்பதைத் தேதி முடிவு செய்வதில்லை. அடித்தவன் இன்னும் எதிர்வீட்டில் இருக்கிறானா என்பதுதான் முடிவு செய்கிறது. இருந்தால், அந்த வரலாற்றுக்குப் பெயர் 'பிரச்சினை'.

2

'பல்லூடகம்', 'படைப்பாக்கச் செயல்திட்டம்' என்று இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்யக்கூடாதாம், தாங்களே செய்து கற்க வேண்டுமாம். நல்லது. ஆனால் நடப்பது என்ன? 'பிராஜக்ட்' என்றவுடன் காசுள்ள வீட்டுப் பிள்ளை கடைக்குப் போகிறது. சார்ட், மினுமினுப்புப் பசை, அச்சடித்த தலைவர் படம் எல்லாம் ரெடியாகக் கிடைக்கிறது. மீதியைப் பிரௌசிங் சென்டர்க்காரர் இறக்கித் தருகிறார். நம் பிள்ளை அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதில் யார் எதைக் கற்றார்கள்? ப்ரொஜெக்டர் மாட்டிய வகுப்பறையில் பழைய பாடத்தையே கலரில் காட்டுகிறார்கள். கரும்பலகையில் இல்லாத சேரி வெள்ளித்திரையில் மட்டும் எப்படி வரும்?

'படம் பொய் சொல்லாது' என்று இன்னொரு மூடநம்பிக்கை. நம் பிள்ளைகள் அண்மை வரலாற்றைப் பெரும்பாலும் சினிமாவில்தான் படிக்கிறார்கள். 2021இல் 'கர்ணன்' வந்தபோது நம் தெருவே விசிலடித்தது. நானும்தான் அடித்தேன். நம்மைத் திருப்பி அடிக்கிறவர்களாகத் திரையில் பார்ப்பது சின்ன விசயம் இல்லை. அந்தப் படத்து ஊர் பொடியன்குளம். அதற்குப் பின்னாலிருப்பது கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று, அதிமுக ஆட்சியில், போலீசு வீடு வீடாகப் புகுந்து நொறுக்கிய ஊர். படம் வெளிவந்தபோது அதில் போட்டிருந்த காலத்தைப் பற்றித் தகராறு கிளம்பி, பிறகு அந்த எழுத்தை மாற்றினார்கள். ஒரு வருசம் முன்னே பின்னே நகர்ந்தால் ஒரு ஆட்சி தப்பிக்கும், இன்னொரு ஆட்சி மாட்டும். எங்கள் பள்ளியில் படம் பார்த்த பதினெட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். கொடியங்குளம் என்ற பெயர் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. தேதி யாருக்கும் தெரியவில்லை.

அதே ஆண்டு 'ஜெய் பீம்'. 1993இல் போலீசு அடித்துக் கொன்ற ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் இருளர். படம் எடுப்பவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும், இருளர் பாடும் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் படத்தை மட்டும் பார்த்த மாணவனுக்கு அந்தக் குறவர் குடும்பம் இரண்டாம் முறை காணாமல் போகிறது. சினிமாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சினிமா பார்த்ததோடு வரலாறு படித்தாயிற்று என்று நாம் எழுந்து போகிறோமே, அதைச் சொல்கிறேன்.

பாடப்புத்தகத்துப் படம் மட்டும் யோக்கியமா? என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் ஒரு கார்ட்டூன் இருந்தது. சங்கர் 1949இல் வரைந்தது. அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். 2012 மே மாதம் பாராளுமன்றத்தில் அது வெடித்தது. எழுந்து கேட்டவர்களில் தொல். திருமாவளவனும் ஒருவர். அப்போது 'முற்போக்கு' அறிவாளிகள் என்ன சொன்னார்கள்? மாணவர்கள் விமர்சனத்தோடு பார்ப்பார்கள், பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறது, தடை கேட்பது சகிப்பின்மை என்றார்கள். எந்த மாணவர்? நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு தலித் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சாட்டையைப் பார்த்து மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரிக்கும்போது, அந்தப் பிள்ளை எந்த விளக்கத்தைப் படிக்கும்? படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தப் பெஞ்சில் ஒருநாளும் உட்கார்ந்தது இல்லை. எனக்குத் தடை முக்கியமில்லை. படத்தை யார் எடுக்கிறார், யாரோடு உட்கார்ந்து பார்க்கிறார் என்பதுதான் முக்கியம்.

3

இதுவரை மற்றவர்களைத் திட்டியாயிற்று. இனி நம் கதை.

இரண்டு டிசம்பருக்கு முன்னால் வெண்மணி நாளுக்கு நாங்களே ஒரு வீடியோ செய்தோம். நான்தான் முன்னின்று செய்தேன். இணையத்திலிருந்து இறக்கிய தீச்சுவாலை. சினிமாவிலிருந்து உருவிய பின்னணி இசை. ஒன்றிலிருந்து நாற்பத்து நான்கு வரை எண் ஏறி ஏறி வந்து கடைசியில் திரை சிவப்பாகும். அதன் மேல் பாபாசாகேப் படம். நான்கு நிமிசம். வெள்ளை வேட்டியைக் கட்டித் தெருவில் போட்டோம். பையன்கள் கைதட்டினார்கள். சிலபேர் அழுதார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது.

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். எழுபத்தைந்து வயசுக்குக் குறையாது. வெண்மணி எரிந்தபோது அக்கம்பக்கத்து ஊர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண். வீடியோ பாதி ஓடும்போதே வெற்றிலைப் பையை எடுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். வயசானவர், தாங்க முடியவில்லை போல என்று நினைத்தேன். மறுநாள் போய் விசாரித்தேன்.

'நெருப்பு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. எதுக்குக் கொளுத்துனான்னு ஒரு வரி வச்சியா? கூலி கேட்டோம்யா. கொடிய எறக்க முடியாதுன்னோம். அத வுட்டுட்டு செத்ததயே காட்டுற. பாக்குற புள்ளைக்கு ரோசமா வரும்? பயந்தான் வரும்.'

நான் வாயடைத்துப் போனேன். இருபது வருசமாக மேடைகளில் வெண்மணி பேசியவன் நான். அந்த நான்கு நிமிசத்தில் நான் செய்தது என்ன? மிராசுதார் செய்த வேலையையே வேறு விதமாகச் செய்திருக்கிறேன். போராடிய மக்களை வெறும் பிணமாக்கியிருக்கிறேன்.

இதைத்தானே நாம் மற்றவர்களிடம் குற்றம் சொன்னோம்? 1975இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல், பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் போய் அந்தக் கொடுமைக்கு வேர் தேடியது. அதற்கு சாகித்ய அகாதமி பரிசு. கூலிப் போராட்டம் படுக்கையறைக் கோளாறாகிவிட்டது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த நாவலிலாவது காரணம் என்று ஏதோ ஒன்று இருந்தது. எங்கள் வீடியோவில் காரணமே இல்லை. வெறும் நெருப்பு.

4

திரும்பத் தொடங்கினோம். இந்த முறை அய்ந்து பிள்ளைகள், ஒரு வருசம், இரண்டு செல்போன். விதி ஒன்றே ஒன்று. இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, ஏட்டில் சரிபார்த்தது மட்டும்.

'கூலின்னா என்னா கூலி?' என்பதே முதல் கேள்வி. அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள் என்று மேடையில் சொல்கிறோம். அரைப்படி என்றால் எவ்வளவு? பிள்ளைகளுக்குக் கிலோ தெரியும், படி தெரியாது. தெருவெல்லாம் தேடி ஒரு பழைய இரும்புப் படியைக் கண்டுபிடித்தார்கள். நெல்லைக் கொட்டி ஒலிப்பதிவு செய்தார்கள். முதலில் வழக்கமான கூலி. ஒரு நிறுத்தம். பிறகு, கேட்ட அந்த அரைப்படி. அது விழுகிற நேரம் சில நொடிதான். கூட்டங்களில் நான் ஒரு மணி நேரம் பேசிக் கொண்டுவர முடியாததை அந்தச் சில நொடி கொண்டுவந்தது.

ஆயாவிடம் போட்டுக் காட்டினோம். கேட்டுவிட்டுச் சொன்னார்: 'தப்பா அளக்குறீங்க. குமிச்சு ஊத்துறீங்க. ஆண்டை வூட்ல எவன் குமிச்சு அளந்தான்? தலை தட்டித்தான் அளப்பான். திரும்ப எடுங்க.' படியின் தலையைக் கையால் வழித்துவிடுகிற அந்தச் சரக் என்ற சத்தத்தோடு திரும்ப எடுத்தோம். இப்போது பதிவு அந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது கேள்வியை ஒரு பெண்பிள்ளை கேட்டாள். 'கூலிக்குன்னா சாதி எங்க வந்துச்சு?' இது நாம் ஆண்டுக்கணக்கில் இடதுசாரித் தோழர்களோடு கட்டிப் புரளுகிற கேள்வி. ஆயா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: 'கூலி கேட்டவன் எல்லாச் சாதியிலயும் இருந்தான். நெருப்பு எந்தத் தெருவுக்கு வந்துச்சு?' அதற்கு மேல் எந்த விளக்கமும் நாங்கள் சேர்க்கவில்லை.

மூன்றாவது, ஏடு. தாத்தா பாட்டி சொன்னால் போதும் என்று விட்டுவிட்டால் நாளைக்கு எவனாவது 'கட்டுக்கதை' என்பான். ஆகவே பிள்ளைகள் சட்டத்தையும் தீர்ப்பையும் தேடிப் படித்தார்கள். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பிறகு செங்கொடிச் சங்கத்துக்கு எதிராக மிராசுதார்கள் கட்டிய நெல் உற்பத்தியாளர் சங்கம், அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. 1968 டிசம்பர் 25 இரவு ராமையாவின் குடிசையில் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970இல் நாகப்பட்டினம் செசன்சு நீதிமன்றம் கொடுத்த தண்டனை. 1973இல் உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலை. கார் வைத்திருக்கிற பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற பொருளில் அமைந்த அந்தத் தீர்ப்பின் பகுதியை, கூலிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தமிழில் சொல்லிப் பதிவு செய்தாள். அழவில்லை, கத்தவில்லை, செய்தி வாசிப்பது போல வாசித்தாள். பின்னணி இசை கிடையாது. அதே இரவு செத்த மிராசு ஆள் ஒருவருக்காகத் தொழிலாளர் தரப்புக்குத் தண்டனை உண்டு, 44 பேருக்காகக் கடைசியில் தண்டனை நிலைத்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் அவளே வாசித்தாள்.

அதோடு நிறுத்தவில்லை. ஆயா சொன்ன 'ரோசம்' எங்கே? கணபதியா பிள்ளை கமிசன் வந்ததும், 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் யார் போட்ட பிச்சையும் அல்ல. கொடியை இறக்கமாட்டோம் என்று நின்றவர்கள் வாங்கிக் கொடுத்தது. அந்தச் சட்டம் வயலில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நடக்கவில்லை என்று கேட்டு ஆறு பேரிடம் பதிவு செய்தார்கள். ஆறு பேரும் ஆறு விதமாகச் சொன்னார்கள். ஆறையும் அப்படியே வைத்தோம். வரலாறு ஒரே வாயில் பேசாது என்பதைப் பிள்ளைகள் எந்தத் தத்துவப் புத்தகமும் இல்லாமல் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொன்று. ஆயா முகத்தைப் படம் எடுக்க விடவில்லை. 'என் பேத்தி அந்தத் தெருவழியாத்தான் காலேசுக்குப் போவுது' என்றார். கையை மட்டும் எடுத்தோம். வெற்றிலை மடிக்கிற கை. பேச்சில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தார், இரண்டு நாள் கழித்து அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம். உண்மையை வெட்டலாமா என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். நல்ல சண்டை. நான் சொன்னது: அது அவர் வாழ்க்கை, நம் சரக்கு அல்ல. கேமரா நம் கையில் இருப்பதாலேயே நாம் ஆண்டை ஆகிவிடக் கூடாது.

5

இப்போது எதிர்ப்பக்கத்து வாதங்கள்.

'பழைய காயத்தைக் கிளறாதே' என்கிறார்கள். காயம் ஆறியிருந்தால்தானே கிளறுவதற்கு? 1997 சூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். 1999 சூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைக் கூலிக்காகப் போன ஊர்வலத்தைப் போலீசு அடித்துத் தாமிரபரணியில் தள்ளியது. 17 பேர் செத்தார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. கூலி கேட்டதும், நாற்காலியில் உட்கார்ந்ததும், நினைவு நாள் கொண்டாடியதும் குற்றமாகிய கதை இது. இதைப் பள்ளியில் சொல்லாமல் விட்டால், பிள்ளைக்கு இதைச் சொல்லித் தருவது அடுத்த கலவரம்தான்.

'சாதியைப் பேசினால் பிள்ளைகள் மனசு கெடும்' என்கிறார்கள். கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு வீட்டிலேயே சாதி வரலாறு சொல்லிக் கொடுத்தாயிற்று. நம் பிள்ளைக்கு மட்டும் மவுனம் பாடமா?

அடுத்தது நம் தோழர்கள். 'இயக்க வேலை தலைக்கு மேல கெடக்கு, நீங்க செல்போன வச்சு வெளையாடுறீங்க.' தாமிரபரணிக் கொலைக்குப் பிறகு ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தை எத்தனை ஊரில் எத்தனை கூட்டத்தில் போட்டோம்? தண்ணீரில் தாங்களாக விழுந்து செத்தார்கள் என்ற பேச்சை அந்தப் படம்தான் தெருத்தெருவாக உடைத்தது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை'யில் வெண்மணி மக்கள் தங்கள் வாயால் பேசியதைக் கேட்ட பிறகுதானே நம்மில் பலபேர் மேடைப் பேச்சை மாற்றினோம்? அதெல்லாம் விளையாட்டா?

ஆனால் தோழர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இன்று நம் இளைஞர்கள் செய்வதில் பாதி, முப்பது நொடி வீடியோவில் தலைவர் நடந்து வருவதும் பின்னால் சினிமாப் பாட்டு அதிர்வதும்தான். அதில் தேதி இல்லை, கூலி இல்லை, தீர்ப்பு இல்லை, பெண்கள் அறவே இல்லை. தெர்மாகோல் கடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பஞ்சு அலை, இங்கே பாட்டு அலை.

பறை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, கூத்து இருக்கிறது, நமக்கெதுக்கு மெசின் என்று கேட்கிறவர்களும் உண்டு. இருக்கிறது. எங்கள் பதிவிலும் ஒப்பாரி உண்டு. ஆனால் பறையைப் பள்ளி ஆண்டு விழாவில் ஆடவிட்டுக் கைதட்டிவிட்டு, அதே பள்ளியில் வெண்மணியைப் பேச விடாதவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கருவி எதுவானாலும், அதை வைத்து நம்மைக் கேள்வி கேட்கச் சொல்கிறார்களா, ஆடச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

6

மாணவத் தோழர்களே, உங்களுக்குச் சொல்ல நான்கு விசயம் இருக்கிறது.

உங்கள் ஊர்ப்பக்கத்தில் நடந்த ஒன்றை எடுங்கள். பெரிய கொலையாக இருக்க வேண்டியதில்லை. டீக்கடையில் தனிக் கிளாஸ் எப்போது போனது, யார் போய் உடைத்தது என்பது போதும்.

நெருப்பில் தொடங்காதீர்கள். அதற்கு முந்தின நாள் மக்கள் என்ன கேட்டார்கள் என்பதில் தொடங்குங்கள்.

வாயால் கேட்டதை ஏட்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் முட்டுவதையே காட்டுங்கள்.

முடித்ததும் முதலில் ஆசிரியரிடம் கொண்டுபோகாதீர்கள். யார் கதையோ அவர்களிடம் கொண்டுபோங்கள். தலை தட்டி அளக்கச் சொன்னால் திரும்பப் போய் எடுங்கள். மதிப்பெண் அவர்கள் போடுவதுதான்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் வந்து, இந்த டிசம்பருக்கு ஒரு புதுப் பதிவு தொடங்கிவிட்டேன் என்றான். என்ன விசயம் என்று கேட்டேன். போன சனவரியில் அவன் பள்ளிக் கண்காட்சியில் வெண்மணி ஏன் ஏறவில்லை, வேதாரண்யம் எப்படி இரண்டாம் பரிசு வாங்கியது என்பதுதான். கூடப் படித்த மூன்று பேரிடம் பேசியும் பதிவு செய்துவிட்டான். ஆசிரியரிடமும் நேரில் போய்க் கேட்கப்போகிறானாம். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. 'எதுக்குடா வம்பு?' என்று என் வாயிலேயே வந்துவிட்டது.

'அண்மைக்கால வரலாறுதானே சார்?' என்றான்.